பென்டாக்ஸ் கே1000: 1/1000ல வலது ஓரம் இருட்டா வருது, ஸ்பிரிங்க டைட் பண்ணலாமா?

தெப்பக்குளத்தான்:

வணக்கம் அண்ணன்மாரே. எங்க பெரியப்பா மதுரைல ஸ்டுடியோ வச்சிருந்தாரு, மூடி பத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. போன பொங்கலுக்கு பரண்ல இருந்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவ 50எம்எம் லென்ஸோட எடுத்து எங்கிட்ட குடுத்து "ஓடுனா வச்சுக்க, ஓடலேன்னாலும் வித்துராதடா"ன்னு சொன்னாரு. இத்தன வருஷமும் லெதர் கேஸ்குள்ளயே இருந்திருக்கு, லென்ஸ்ல லேசா பூஞ்சை, வெளிய பாத்தா புதுசு மாதிரி. எல்லா ஷட்டர் ஸ்பீடுலயும் க்ளிக் கேக்குது, ஷட்டர் திரை ஓடுது, அப்ப நல்லாத்தான் இருக்குன்னு நம்பி ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் ரோல் ஒண்ணு போட்டேன்.

ரோல் கழுவி வந்ததும் தான் தெரிஞ்சுது. வண்டியூர் தெப்பக்குளத்துல மத்தியான வெயில்ல லென்ஸ் துவாரம் எஃப்11, ஷட்டர் ஸ்பீடு 1/1000 செகண்ட் வச்சு எடுத்தது, நடு மண்டபம் அழகா வந்திருக்கு, ஆனா வலது பக்கம் போகப்போக வானம் இருட்டி ஓரத்துல சுத்தமா கருப்பு. நெகடிவ்ல பாத்தா அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் ஃபிலிம் தான். 1/500ல எடுத்ததுலயும் அதே பக்கம் மங்கல். 1/125, 1/60ல எடுத்த வீட்டுப் படமெல்லாம் ஒரு குறையும் இல்ல. இன்னொண்ணு, 1 செகண்ட்ல வச்சா டக்குனு தொறந்து கிர்ர்ர்னு ஓடி நடுவுல திணறி அப்புறம் தான் மூடுது, காலைல முதல் தடவ அடிக்கும்போது இன்னும் மோசம்.

ஒரு ரிப்பேர் கடைல காட்டினேன், கடை பேரு வேணாம், அவரு தொறந்து கூட பாக்கல, "ஸ்பிரிங் லூசாயிருச்சு தம்பி, டைட் பண்ணா சரியாயிரும், அரை மணி நேர வேலை"ன்னுட்டாரு. அடித்தகட்ட கழட்டி நாமளே ஸ்பிரிங் டென்ஷன கூட்டலாம்னு வீடியோவும் பாத்தேன். பண்ணலாமா? அதுக்கு முன்னாடி வீட்டுலயே ஷட்டர் ஸ்பீட அளக்க வழி இருக்கா? பெரியப்பாவோட கேமரா, கெட்டுப் போச்சுன்னு அவருகிட்ட போய் நிக்க முடியாது.

சில்வர்நைட்ரேட்:

தம்பி, ஸ்பிரிங்க தொடாதீங்க, யாரையும் தொடவும் விடாதீங்க. முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம். உங்களுக்கு வந்திருக்கறது ஷட்டர் கேப்பிங். அது ஏன் வருதுன்னு புரிஞ்சுதுன்னா அந்தக் கடைக்காரர் சொன்னதுல என்ன தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

கே1000ல ரெண்டு துணித்திரை இருக்கு, ரப்பர் பூசின பட்டு. பட்டன அமுக்கினா முதல் திரை ஓடி ஃபிலிம திறக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டாவது திரை பின்னாடியே ஓடி மூடும். ஸ்பீட கூட்டினா திரை வேகமா ஓடும்னு நெறைய பேரு நினைக்கறாங்க, அப்படி இல்ல, எந்த ஸ்பீடுலயும் திரை ஒரே வேகத்துல தான் ஓடும், 36 மில்லிமீட்டர கடக்க சுமாரா 13 மில்லிசெகண்ட். மாறுறது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மட்டும் தான். 1/60ல முழு ஃபிரேமும் ஒரே நேரத்துல திறந்திருக்கும், அதனால தான் ஃபிளாஷுக்கு 1/60க்கு மேல போகக்கூடாதுங்கறாங்க. 1/1000ல வெறும் மூணு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு கீத்து தான் ஃபிலிம் மேல நகந்து போகுது, ரெண்டாவது திரை முதல் திரைக்கு 1 மில்லிசெகண்ட் பின்னாடி தொரத்திட்டே வருது.

இப்ப முதல் திரை மட்டும் கொஞ்சம் சோர்ந்து போய் 13க்கு பதிலா 14 மில்லிசெகண்ட் எடுத்துக்குதுன்னு வைங்க. ஓட்டம் முடியற இடத்துல ரெண்டாவது திரை அத பிடிச்சுரும், கீத்து மூடிரும், அங்க வெளிச்சமே விழாது. அதே 1 மில்லிசெகண்ட் நஷ்டம் 1/500ல பாதி வெளிச்சத்த தின்னும், பாதின்னா ஒரு ஸ்டாப். 1/125ல எட்டுல ஒண்ணு போனா ஃபிலிம்ல தெரியவே தெரியாது. உங்க ரோல்ல நடந்தது அப்படியே இது தான். வலது பக்கம் ஏன்னா, பின்னாடி இருந்து பாத்தா திரை வலதுலேர்ந்து இடதுக்கு ஓடும், லென்ஸ் படத்த தலைகீழா, இடவலம் மாத்தி விழ வைக்குது, அதனால ஓட்டம் முடியற ஓரம் போட்டோவுல வலது பக்கமா வரும்.

முதல் திரை ஏன் சோர்ந்து போச்சு? பத்து வருஷமா ஓடாம கிடந்ததுல திரைய சுத்துற உருளைகளோட அச்சுல இருந்த கிரீஸ் காஞ்சு பிசின் மாதிரி ஆயிருக்கும். காலைல முதல் தடவ மோசமா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது தான் பெரிய துப்பு. ஸ்பிரிங் லூசா இருந்தா முதல் தடவயும் ஐம்பதாவது தடவயும் ஒரே மாதிரி தான் இருக்கும், அடிக்க அடிக்க தேறுதுன்னா அது அழுக்கு.

ஸ்பிரிங்க டைட் பண்ணினா 1/1000 சரியாகும் தான், அதுல தான் ஆள் ஏமாந்து போறது. என்னோட ஒரு கேமராவ இப்படித்தான் ஒரு கடைல டைட் பண்ணி குடுத்தாங்க, நாலு மாசம் ஓடுச்சு, திரும்ப கேப்பிங், திரும்ப டைட், மூணாவது தடவ கொண்டு போறதுக்குள்ள திரையோட நாடா உருளைலேர்ந்து பிச்சுக்கிட்டு வந்துருச்சு. பிசின்ல சிக்கின பழைய துணிய இன்னும் பலமா இழுத்தா வேற என்ன ஆகும். அந்த கேமரா இன்னிக்கும் அலமாரில செத்துப் போய் தான் இருக்கு, அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

அளக்கற விஷயம். 1 செகண்ட்லேர்ந்து 1/30 வரைக்கும் போன் போதும். கேமராவ மேஜை மேல வச்சு மைக் பக்கத்துல ரெக்கார்ட் பண்ணி ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல தொறந்தீங்கன்னா முதல் திரை, ரெண்டாவது திரை ரெண்டு சத்தமும் தனித்தனி முள்ளா தெரியும், நடுவுல உள்ள நேரத்த அளந்துக்கங்க. 1/60க்கு மேல சத்தத்த நம்பாதீங்க, கண்ணாடி எழும்புற சத்தமும் திரை முட்டுற சத்தமும் ஒண்ணு மேல ஒண்ணு விழும்.

வேகமான ஸ்பீடுக்கு வெளிச்சத்த உணர்ற சென்சார், ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டர் வாங்கிக்கங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைலயும் சில்லறை காசுக்கு கிடைக்கும். லேப்டாப் மைக் ஜாக்ல வர்ற கொஞ்ச வோல்டேஜே அதுக்கு போதும், நேரா பின்ல சால்டர் பண்ணினாலே வேலை செய்யும். சென்சார் தலைய கருப்பு டேப்பால மூடி ஊசியால 1 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்க, இத விட்டுட்டீங்கன்னா கீத்த விட சென்சார் பெருசா இருந்து கணக்கு தப்பும். லென்ஸ கழட்டிட்டு முன்னாடி வெளிச்சம், பின் கதவ தொறந்து ஃபிலிம் இருக்கற இடத்துல சென்சார். வெளிச்சம் ஜன்னல் வெயிலா இருக்கட்டும், வீட்டு பல்பு நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல செகண்டுக்கு 100 தடவ துடிக்கும், அந்த துடிப்பும் அலைல கலந்துரும். 44,100 சாம்பிள்ல ரெக்கார்ட் பண்ணினா 1 மில்லிசெகண்டுக்கு 44 புள்ளி கிடைக்கும், அலையோட பாதி உயரத்துல அகலத்த அளக்கணும். முக்கியமா, நடுவுல மட்டும் அளந்து நிறுத்திராதீங்க. பின்னாடி இருந்து பாக்கறப்ப வலது ஓரம், நடு, இடது ஓரம்னு மூணு இடத்துலயும், ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு தடவயாவது.

பழைய பெட்டி:

மேல உள்ள அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. சால்டரிங் தெரியாதவங்களுக்கு இன்னொரு வழி சொல்றேன், பழைய டப்பா டிவி. 2006க்கு அப்புறம் அரசு குடுத்துச்சே இலவச 14 இன்ச் கலர் டிவி, அது யாரு வீட்டு பரண்லயாச்சும் இருக்கும், படக்குழாய் டிவியா இருந்தா போதும், எல்இடி டிவி ஆகாது.

டிவில வெள்ளையா ஒரு படம் வரவச்சு, ரூம இருட்டாக்கி, லென்ஸ் இல்லாம பின் கதவ தொறந்து கேமராவ ஒரு அடி தள்ளி வச்சு பின்னாடி கண்ண வச்சுக்கிட்டு 1/1000ல அடிங்க. மின்னல் மாதிரி சாய்வா ஒரு வெள்ளப் பட்டை தெரியும். டிவி மேலேர்ந்து கீழ ஒவ்வொரு கோடா வரையுது, நம்ம ஊரு பால் (PAL) முறை டிவில ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோசெகண்ட், திரை அதே நேரத்துல பக்கவாட்டுல ஓடுது, ரெண்டும் சேந்து தான் அந்த சாய்வு. 1/1000ன்னா பட்டை எந்த இடத்துலயும் செங்குத்தா 15, 16 கோடு கனம் இருக்கணும், 1/500ன்னா 31. கோட்ட எண்ணக்கூட வேணாம், பட்டை ஒரு முனைலேர்ந்து மறு முனை வரைக்கும் ஒரே கனமா இருக்கான்னு பாருங்க. கேப்பிங் இருந்தா வாழை இலை நுனி மாதிரி இடது பக்கம் கூம்பிட்டு போகும்.

கண்ணுல சட்டுனு மறைஞ்சிரும், அதனால போன் கேமராவ நாலு செகண்ட் எக்ஸ்போஷர்ல வச்சு பின்னாடி நிறுத்தி படமா எடுத்துருங்க. பட்டையோட மேல் விளிம்பு முதல் திரை, கீழ் விளிம்பு ரெண்டாவது திரை. எது சோம்பலா ஓடுதுன்னு சாய்வ வச்சே சொல்லிரலாம், அதிகமா சாஞ்சு கீழ இறங்குற விளிம்பு தான் மெதுவான திரை. இது ஒத்தை சென்சார்ல தெரியாது. நிக்கான் எஃப்எம்2 மாதிரி மேலேர்ந்து கீழ ஓடுற உலோகத் தகடு ஷட்டர்னா கேமராவ 90 டிகிரி திருப்பி வச்சு பாக்கணும்.

கடல்நீரேரி:

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். என்னட்ட இருக்கிறது பழைய யாஷிகா மேட், இரட்டைக் கண் கமரா, அதில துணித்திரை இல்லை, லென்சுக்குள்ளயே இதழ் இதழா விரியிற கொப்பல் ஷட்டர். வேற வகை எண்டாலும் ஒரு விசயம் சொல்லோணும், தயவு செய்து ஒருத்தரும் எண்ணெய் விடாதேங்கோ. முந்தி எங்கட மாமா ஷட்டர் மெதுவா வேலை செய்யுது எண்டு தையல் மெசின் எண்ணெய் ரண்டு சொட்டு விட்டவர். ரண்டு நாள் நல்லா வேலை செய்தது. ஒரு கிழமைக்குள்ள இதழுகள் ஒண்டோட ஒண்டு ஒட்டி, நனைஞ்ச ரண்டு கண்ணாடியைப் பிரிக்கிற மாதிரி, பாதியில நிண்டிட்டுது.

நான் முன் லென்சைக் கழட்டி, லைட்டர் ஃப்ளூயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, அடிச்சு, துடைச்சு, திரும்ப விட்டு, நாலு நாள் கழுவினனான். முதல் நாள் பஞ்சில வந்தது தேத்தண்ணிச் சாயம் மாதிரி இருந்தது, நாலாம் நாள் தான் பஞ்சு வெள்ளையா வந்தது. ஒரு தரம் கழுவினாக் காணாது, கரைஞ்ச எண்ணெய் திரும்ப இதழுக்குத் தான் போகும். இதழுகள் எப்பவும் காஞ்சு தான் இருக்கோணும். அடுப்புப் பக்கம் வச்சுச் செய்யாதேங்கோ, பெற்றோல் மாதிரி பத்தும்.

இன்னொண்டு, யாஷிகா மேட் வச்சிருக்கிற ஆக்கள், எம் எண்ட ஃபிளாஷ் ஒத்திசைவில விட்டிட்டு செல்ஃப் டைமரை இழுக்காதேங்கோ, இறுகிப் போகும். என்னைக் கேட்டா பழைய கமராவில செல்ஃப் டைமரைத் தொடாமலே விடுறது நல்லது.

தெப்பக்குளத்தான்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பத்து நாளா இதே வேலையா இருந்தேன். சித்தி வீட்டுல அந்த இலவச டிவி இருந்துச்சு, டிவிடி பிளேயர்ல வெள்ளப் படம் ஓடவிட்டு பாத்தேன், பழைய பெட்டி அண்ணன் சொன்ன மாதிரியே பட்டை வலது பக்கம் தடியா ஆரம்பிச்சு இடது பக்கம் கூம்பி காணாமப் போகுது. மேல் விளிம்பு தான் அதிகமா சாஞ்சிருக்கு. சித்தப்பா, தம்பி, பக்கத்து வீட்டு பசங்க எல்லாரும் வரிசையா வந்து பாத்துட்டு போனாங்க.

அப்புறம் சென்சாரும் செஞ்சுட்டேன். பின்னாடி இருந்து வலது, நடு, இடது, மில்லிசெகண்ட்ல:

1/1000: 1.1, 0.7, 0.2
1/500: 2.1, 1.7, 1.2
1/125: 8.0, 7.5, 7.1

இதெல்லாம் இருபது முப்பது தடவ அடிச்சதுக்கு அப்புறம் எடுத்த கணக்கு. மறுநாள் காலைல எழுந்ததும் 1/1000ல முதல் தடவ அடிச்சப்ப இடது ஓரத்துல அலையே வரல, சுத்தமா மூடிருச்சு. விடாம ஐம்பது தடவ அடிச்சப்புறம் 0.4க்கு வந்துச்சு. 1 செகண்ட்ங்கறது 1.4 செகண்டா ஓடுது, 1/2 கிட்டத்தட்ட 0.7, 1/30 மட்டும் சரியா இருக்கு. இதுல என்ன புரியுதுன்னு சொல்லுங்க அண்ணே.

சில்வர்நைட்ரேட்:

தம்பி, நீங்க அளந்தது ரொம்ப சுத்தமா இருக்கு. வலது ஓரத்துக்கும் இடது ஓரத்துக்கும் உள்ள வித்தியாசத்த கழிச்சு பாருங்க. 1/1000ல 0.9, 1/500ல 0.9, 1/125லயும் 0.9. எந்த ஸ்பீடுல வச்சாலும் அதே 0.9 கூடவே வருது. அப்ப ஸ்பீட முடிவு பண்ற பாகமெல்லாம் நல்லா இருக்கு, ஆரம்பிக்கற இடத்துல 1.1, 2.1, 8.0ன்னு எல்லாமே சரியான நேரம் தான். பிரச்சினை ஓட்டத்துல, அதுவும் முதல் திரையோட ஓட்டத்துல மட்டும், டிவி பட்டையோட மேல் விளிம்பும் அதையே சொல்லுது. காலைல மூடிக்கிட்டு அடிக்க அடிக்க தேறுறதால ஸ்பிரிங் இல்ல, காஞ்ச கிரீஸ் தான், இனிமே சந்தேகமே வேணாம்.

1 செகண்ட் 1.4 ஆகறது தனி விஷயம், அது ஸ்லோ ஸ்பீடுக்கான கவர்னர், சின்ன கடிகாரம் மாதிரி பல் சக்கரம், அந்த கிர்ர்ர் சத்தம் அதோடது. அதுலயும் அதே காஞ்ச கிரீஸ்.

நீங்களே செய்யலாமான்னா, நான் வேணாம்பேன். திரை உருளையோட அச்சு மேலயும் இருக்கு கீழயும் இருக்கு, அடித்தகட்ட மட்டும் கழட்டி சுத்தம் பண்ணினா பாதி வேலை தான், மேல் மூடியையும் எடுக்கணும், அதுல மீட்டர் ஒயரு, ஸ்பீடு டயலு எல்லாம் வரும். லைட்டர் ஃப்ளூயிட் ஒரு சொட்டு தவறி துணித்திரைல பட்டா அந்த ரப்பர் பூச்சு போயிரும், அப்புறம் வெளிச்சம் கசியும். இதழ் ஷட்டர கழுவற மாதிரி இத கழுவ முடியாது, ஊசி முனைல எடுத்து அச்சுல மட்டும் தொட்டு வைக்கணும், கை பழகினவங்க வேலை அது. ஸ்க்ரூவும் ஜப்பான் அளவு, சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டா தலை தேஞ்சு போயிரும்.

ஆனா இப்ப நீங்க வெறுங்கையோட போகல. இந்த ஒம்பது எண்ணையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு போங்க. "டைட் பண்ணிரலாம்"னு சொல்றவர்கிட்ட குடுக்காதீங்க, தாள வாங்கி பாத்துட்டு கேள்வி கேக்கறவர்கிட்ட குடுங்க. சுத்தம் பண்ணி, அச்சுக்கு வாட்ச் ஆயில் துளி வச்சு, அதுக்கப்புறம் டென்ஷன சரிபாக்கணும், இந்த வரிசை மாறக்கூடாது. திரும்பி வந்ததும் நீங்களே மூணு இடத்துலயும் அளந்துருங்க. 1/1000ங்கறது 1/800 அளவுக்கு வந்தாலே பழைய கேமராவுக்கு நல்ல ரிசல்ட், ஒரு ஸ்டாப்புல மூணுல ஒரு பங்கு தான் வித்தியாசம், நெகடிவ் ஃபிலிம் அதெல்லாம் தாங்கிரும். ஸ்லைடு ஃபிலிம் போடறதா இருந்தா மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க. மொத்த ஸ்பீடு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கறத விட ஓரத்துக்கு ஓரம் ஒரே மாதிரி இருக்கறது தான் எனக்கு முக்கியம்.

தெப்பக்குளத்தான்:

சரிங்கண்ணே, அப்படியே செய்றேன். வந்தப்புறம் எப்படி வச்சிக்கணும்னும் யாராவது சொன்னா நல்லாருக்கும். பெரியம்மா அரிசி டப்பால போட்டு வைன்னு சொல்றாங்க, ஈரம் இழுக்கும்னு.

பழைய பெட்டி:

அரிசில வேணாம், அந்த மாவுத்தூசி உள்ள போனா திரும்ப இதே கதை தான். காத்து போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், நிறம் மாறினா சூடு பண்ணி திரும்ப போடுங்க. லெதர் கேஸ்ல மட்டும் வைக்காதீங்க, தோலு ஈரத்த குடிச்சு வச்சுக்கும், உங்க லென்ஸ் பூஞ்சை அங்கிருந்து தான் வந்திருக்கும். மாசத்துக்கு ஒரு தடவ ஃபிலிம் இல்லாம எல்லா ஸ்பீடுலயும் நாலஞ்சு தடவ அடிச்சு விடுங்க, 1 செகண்ட விட்றாதீங்க, எல்லாரும் விடுறது அதத்தான், கவர்னர் இறுகுறதும் அதனால தான். உள்ள வைக்கும்போது ஷட்டர இழுத்து வச்ச நிலைல விடாம ஒரு தடவ அடிச்சு விட்டு வைங்க. கே1000ல மீட்டருக்கு தனி சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடிய போட்டு வைங்க, இல்லேன்னா பேட்டரி தான் காலி.

லென்ஸ கழட்டியிருக்கும்போது உள்ள கண்ணாடிக்கு மேல இருக்கற ஃபோம் பட்டையையும் ஒரு தடவ பாருங்க, கைல பிசுபிசுன்னு கருப்பா ஒட்டுச்சுன்னா அதையும் மாத்த சொல்லுங்க. அது உருகி உதிர்ந்து ஷட்டர் மேல விழும், உலோகத் தகடு ஷட்டர்னா ஒட்டிக்கிட்டு நின்னே போயிரும். அப்புறம், ஃபிலிம் மாத்தும்போது விரலால திரைய தொடாதீங்க. ஃபெட், சோர்கி மாதிரி கண்ணாடி இல்லாத கேமரா வச்சிருக்கறவங்க லென்ஸ வெயிலப் பாத்து வைக்கவே கூடாது, சூரியன் துணில ஓட்டை போட்டுரும்.

தெப்பக்குளத்தான்:

ஒன்றரை மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். வேற ஊர்ல வயசான ஒரு மெக்கானிக் ஐயாகிட்ட குடுத்தேன். தாள வாங்கி கண்ணாடி போட்டு ரெண்டு நிமிஷம் பாத்தாரு, "இத யாரு அளந்தா"ன்னு கேட்டாரு, நான் தான்னு சொன்னதும் உக்காரச் சொன்னாரு. உள்ள தொறந்தா அச்சுல கிரீஸ் மஞ்சளா மெழுகு மாதிரி இறுகி கிடந்துச்சு, ஊசியால சுரண்டி எடுத்துக் காட்டினாரு. சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் ஸ்பிரிங்க கூட்டவே இல்லியாம், ஒரு பல்லு குறைச்சு வச்சிருக்காராம், ஏற்கனவே யாரோ எப்பவோ கூட்டி வச்சிருந்தாங்களாம்.

வீட்டுக்கு வந்ததும் காலைல எழுந்து முதல் அடியிலயே அளந்தேன். 1/1000: 1.1, 1.1, 1.0. 1 செகண்ட் 1.02. டிவில பட்டை முனைக்கு முனை ஒரே கனம்.

ஞாயித்துக்கிழமை அதே தெப்பக்குளத்துல அதே படிக்கட்டுல நின்னு எஃப்11, 1/1000 வச்சு திரும்ப எடுத்தேன், இந்த தடவ பெரியப்பாவும் கூட வந்தாரு. பத்து பிரேம் பாக்கி இருக்கு, முடிஞ்சதும் கழுவி நெகடிவ இங்க போடுறேன். லென்ஸ் பூஞ்சைக்கு தனியா ஒரு கேள்வி எழுதணும்.